வண்ணம் பூசலாம், வரலாற்றையும் பூசலாமா?

இங்கிலாந்தின் தென்பகுதியில், தோர்செட்டு மாவட்டத்தில், போவிங்டன் என்றோர் ஊர். படைஞர்க்குக் காப்பூர்தி ஓட்டக் கற்றுத்தரும் ஊர் அது. ‘டாங்கி’ என்று மக்கள் வாயில் வழங்கும் அவ்விரும்பூர்திகளை, முந்நூற்றின் அளவில், அங்குள்ள காட்சியகம் திரட்டி வைத்திருக்கின்றது. அவற்றுள் ஒன்று, களத்திற்கென்று செய்யப்பெற்று இன்று உலகில் எஞ்சியுள்ள காப்பூர்திகள் எல்லாவற்றினும் மூத்தது. ‘மார்க்கு-1’ என்னும் வகையினது, 1916-ஆம் ஆண்டினது. அவ்வகையில் செய்யப்பெற்றவை 150. இன்று உள்ளது அஃது ஒன்றே.

அதன் இரும்பு மேனியில் எழுதப்பட்டுள்ள எண் 705. பெயர் ‘சி-19, கிளான் லெசிலி’. கிளான் லெசிலி என்று ஓர் ஊர்தி மெய்யாகவே இருந்தது. ஆனால் போவிங்டனில் நிற்பது அதுவென்று காட்டச் சான்று இல்லை. நிற்பது எது என்று உறுதியாகக் கூறவல்லார் ஒருவரும் இலர். அது களம் காணாமல் பயிற்சிக்கு நின்ற ஊர்தியாகலாம் என்பர். அதன் எண் 702 ஆகலாம் என்பர். அங்ஙனமாயின் அவ்வகையில் செய்யப்பெற்ற இரண்டாம் ஊர்தியே அதுவாகும் என்பர். எல்லாம் உய்த்துணர்வே. ஆக, உலகின் முதுபெருங் காப்பூர்தி தன் பெயரை இழந்து, பிறிதொன்றின் பெயரைப் பூண்டு நிற்கின்றது.

‘எவனோ ஒரு வெள்ளையனின் பழைய இரும்பு, அதன்மேல் எந்தப் பெயரை எழுதினால் நமக்கென்ன?’ என்று படிப்பார் வினவலாம். யாம் அவ்வாறு கடந்துபோக ஒருப்படோம். பழம்பொருளைப் பேணுவது வேறு. பழம்பொருளைப் புனைவது வேறு. பேணுவான் பொருளுக்குப் பணிசெய்கின்றான். புனைவானோ பொருளைத் தனக்குப் பணிசெய்ய வைக்கின்றான். பிரித்தானியப் போரூர்திகளைத் தேடித் தேடிச் செப்பனிடுகின்ற அந்நாட்டு ஆர்வலர் கூட்டத்தில் இவ்விரு வகையினரும் உளர். முன்னவரை நெஞ்சாரப் போற்றவும், பின்னவரைக் கடியவுமே இக்கட்டுரை எழுதலாயிற்று. போரைப் போற்றுவது எம் நோக்கமன்று என்பதையும் முன்னரே சொல்லிவிடுகின்றோம்.

அவ்வூர்தியின் பிறப்பை முதலில் அறிதல் வேண்டும். முதல் உலகப்போரில் முள்வேலியும் பதுங்குகுழியும் விரைவுத் துமுக்கியும் சேர்ந்து படைகளை மண்ணோடு மண்ணாக முடக்கிப் போட்டன. அம்முடக்கத்தை உடைக்க, கடற்படைப் பொறுப்பிலிருந்த சர்ச்சில் 1915 பிப்பிரவரியில் நிலக்கப்பற் குழு ஒன்றை அமைத்தார். கடற்படையைச் சேர்ந்தவர்க்கு நிலத்தில் ஓடுவதும் கப்பலாகவே தோன்றியது போலும்! இலிங்கன் நகரத்து வேளாண்கருவித் தொழிற்சாலை ஒன்றில் வில்லியம் திரிட்டன், வால்ட்டர் வில்சன் என்னும் இருவர் அதற்கு உருக்கொடுத்தனர். ‘சின்ன வில்லி’ என்ற முதல் ஆய்வூர்தி 1915-இல் உருண்டது. அடுத்துப் பிறந்தது ‘தாய்’. 1916 தொடக்கத்தில் ஆட்பீல்டு மாளிகைப் பூங்காவில், பள்ளம் வெட்டி, வேலி கட்டி, அமைச்சரும் படைத்தலைவரும் காண அதனை ஓட்டிக் காட்டினர். அத்தாயின் வார்ப்பிற் பிறந்தவையே மார்க்கு-1 ஊர்திகள்.

28 தன் எடை; 105 குதிரைத்திறன் பொறி; விரைந்தால் மணிக்கு 6 கிலோமீட்டர். உள்ளே எண்மர். ஓட்டுதற்கு மட்டும் நால்வர் வேண்டும். பொறிக்கும் ஆளுக்கும் இடையே தடுப்பில்லை. புகையும் வெப்பமும் தாங்காமல் உள்ளிருந்தார் மயங்கி விழுந்ததும் உண்டு. வெளியே குண்டு பட்டால் உட்புறத்திலிருந்து இரும்புத் துணுக்குகள் தெறிக்கும். முகத்தைக் காக்கத் தோலும் இரும்புக் கண்ணியும் கொண்ட முகமூடி அணிந்திருந்தனர். இத்துணை இடர்ப்பாட்டோடு 15.9.1916 அன்று பிரஞ்சு நாட்டின் பிளேர் என்னும் ஊரருகே அவை முதன்முறையாகப் போருக்கு நகர்ந்தன.

இடையே ஒரு சொல்லாராய்ச்சி. இப்படைக்கலத்தைப் பகைவர் அறியாவண்ணம் மறைத்தற்காக, ‘மெசபொத்தேமியாவுக்கு நீர் கொண்டுசெல்லும் தொட்டி’ என்று கதை கட்டினர். ‘டாங்கு’ என்னும் பெயர் 1915 திசம்பரில் அவ்வாறே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு நீர்த்தொட்டி என்பதே பொருள். குசராத்தி, மராட்டிய மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் கலந்து அஃது ஆங்கிலத்தில் வேரூன்றியது என்பர் சொல்லாய்வார். நம் ஏரியையும் கண்மாயையும் வெள்ளையர் அச்சொல்லாலேயே எழுதிவைத்தனர். ஆங்கில ஆவணங்களில் இன்றும் அவை அப்படியே உள்ளன. ஏரிக்குரிய சொல் போரூர்திக்குப் பெயரானது ஒரு பொய்யை மறைத்தற்கே. அப்பொய்யை வலுப்படுத்த, ‘பெத்திரோகிராடுக்கு, கருத்தோடு கையாளுக’ என்று உருசிய எழுத்தில் அவ்வூர்திகளின் மேல் எழுதவுஞ் செய்தனர். ஆதலின், பொய்யெழுத்தைப் பூசிக்கொண்டே பிறந்த ஊர்தி அது. போர்க்காலத்தில் பகைவனை ஏய்க்கப் பூசிய அப்பொய்க்கு ஒரு கரணியமாவது இருந்தது. நூறாண்டு கழிந்தபின் காண வரும் குழந்தையை ஏய்க்க என்ன கரணியம் உண்டு?

மார்க்கு-1 ஒன்றே ஒன்று எஞ்சியது எங்ஙனம் என்று கேட்பின், பேணும் பணியின் அருமை விளங்கும். முதற்போர் முடிந்ததும், போர்ச்சேமிப்பில் சிறந்து விளங்கிய ஊர்கட்குக் காப்பூர்தியொன்றைப் பரிசாக வழங்கினர். 260-க்கு மேற்பட்ட ஊர்கள் அவற்றைப் பெற்றன. பூங்காவிலும் சந்தியிலும் மேடை கட்டி நிறுத்தினர். சில ஆண்டுகளிலேயே மக்கட்குச் சலித்துவிட்டது. மகனை இழந்த தாய் அவ்வழியே சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. வேலையிழந்த பழம்படைஞன் அதன் நிழலிலேயே அமர்ந்திருந்தான். துருவேறிய அவ்வூர்திகளை ஒவ்வொன்றாக உடைத்து இரும்புக்கு விற்றனர். மீந்தவற்றை இரண்டாம் போரின் இரும்புப் பசி விழுங்கியது. ‘தாய்’ ஊர்தியையும் அப்பசியே உண்டது. ஈன்றவளையே உடைத்து உருக்கினர்!

பரிசாகத் தந்த ஊர்திகளுள் வைத்த இடத்திலேயே இன்றும் நிற்பது ஒன்றே. கென்ட்டு மாவட்டத்து ஆசுபோர்டு நகரில் அது நிற்கின்றது. அதனைக் காத்தது வரலாற்றுணர்வு என்று எண்ண வேண்டா. 1929-இல் அதன் உள்ளுறுப்புகளைக் கழற்றியெறிந்துவிட்டு, வயிற்றினுள் ஒரு மின்மாற்றியை வைத்தனர். ஊர் விளக்கு எரிய வேண்டுமே. எவன் அதை உடைப்பான்? 1968 வரை அம்மின்மாற்றி அங்கிருந்தது. அஃது அகன்றபோது, உடைக்க வேண்டும் என்ற எண்ணமும் அகன்றுவிட்டிருந்தது.

போவிங்டன் காட்சியகமும் அரசின் அறிவால் தோன்றியதன்று. 1923-இல் அங்கு வந்த எழுத்தாளர் கிப்பிளிங்கு, வெட்டவெளியில் மழையில் நனைந்து கிடந்த ஊர்திகளைக் கண்டு, இவற்றைக் காட்சியகமாக்கலாகாதா என்று கேட்டார். ஒரு கொட்டகை எழுந்தது. பொதுமக்களுக்கு அது திறக்கப்பட்டதோ 1947-இல்தான். கிப்பிளிங்கின் பேரரசுப் பாட்டுகளில் நமக்கு உடன்பாடு சிறிதுமில்லை; ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

காப்பூர்திகளின் நிலையே இதுவாயின், ஏனைய படைவண்டிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் போரில் பிரித்தானியப் படைக்குச் சென்ற பி.எசு.ஏ. எம்-20 என்னும் உந்துருளி மட்டும் 1,26,000. ‘யுனிவர்சல் கேரியர்’ என்ற சிறு தொடர்ப்பட்டை ஊர்தி, பல நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,13,000. போர் முடிந்ததும் வேண்டாதவற்றை மலிவாக விற்றுத் தீர்த்தனர். வேட்டுக்குழலை இழுத்த வண்டி மரக்கட்டையை இழுத்தது. படை வண்டியைத் தூக்கிய பாரந்தூக்கி ஊர்ப் பட்டறையில் பழுதான பேருந்தைத் தூக்கியது. தேய்ந்தபின் வேலியோரத்தில் தள்ளிவிட்டனர். முள்ளும் மரமும் அவற்றின் ஊடே முளைத்தன.

அவற்றைத் தேடிப் போனவர் பெருஞ்செல்வர் அல்லர். பெரும்பாலும் பட்டறைத் தொழிலாளர், உழவர், ஓய்வுபெற்ற படைஞர், பள்ளியாசிரியர். 1968-இல் இத்தகையோர் கூடிப் படையூர்திப் பேணற் குழு ஒன்றை அமைத்தனர். இன்று அது பெரிய அறக்கட்டளையாக வளர்ந்திருக்கின்றது. அவர்தம் பணியை அருகிருந்து நோக்குவார்க்கே அதன் கடுமை விளங்கும்.

ஒரு சரக்குந்து வேலியோரத்தில் கிடைக்கின்றது என்று கொள்வோம். நல்ல ஆர்வலன் முதலில் எடுப்பது சுத்தியலை அன்று. நீரில் நனைத்த உப்புத்தாளை. முன்மூடியின் பக்கவாட்டில் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் தேய்க்கின்றான். மேலே பட்டறைக்காரன் பூசிய நீலம். அதன் கீழ்ப் போருக்குப் பிந்திய பச்சை. அதன் கீழ் 1944-க்குரிய மங்கற் பச்சை. அதற்கும் கீழே மண்ணிறம்! பச்சைநிறப் பொடிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டால், 1942 அளவில் பிரித்தானியர் தம் வண்டிகட்கு மண்ணிறம் பூசினர். அம்மண்ணிறத்தின் மேல் வெள்ளை எழுத்தின் நிழல் தெரிகின்றது. ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கினால் சரக்குந்து. ‘சி’ என்றால் உந்துருளி. ‘எச்’ என்றால் இழுவை. ‘டி’ என்றால் தொடர்ப்பட்டை ஊர்தி. எழுத்தைத் தொடர்ந்து எண். அவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தப் பதிவேட்டைப் புரட்டினால், எந்தத் தொழிற்சாலையில், எந்த ஒப்பந்தத்தில், எந்த ஆண்டில் அது பிறந்தது என்பது புலப்படும். ஓர் உப்புத்தாளும் பொறுமையும் செய்யும் இவ்வேலையை, மணற்பீற்றுப் பொறியை வைத்து ஒரே பகலில் அழித்துவிடவும் முடியும். பளபளவென்று வெள்ளி போல் இரும்பு தெரியும். வரலாறு தரையில் தூசியாகக் கிடக்கும். அவ்வாறு அழிந்த எண்கள் எத்துணை என்று எண்ண நெஞ்சு பொறுக்கவில்லை.

இடர்களும் உள. படைவண்டிகளின் உருளிகள் பல, இரண்டு பிளவுகளைச் சேர்த்து மரைச்சுரையால் முறுக்கியவை. காற்று நிறைந்திருக்கும்போது அச்சுரையைக் கழற்றினால் உருளி வெடித்து ஆளைக் கொல்லும். ஆகலின் அச்சுரைகட்குச் செவ்வண்ணம் பூசிவைத்தனர். சிவப்பைத் தொடாதே என்பது பழந்தொழிலாளர் அனைவரும் அறிந்தது. எல்லாவற்றையும் ஒரே பச்சையாகப் பூசிவிட்ட புதியவன் அறியாதது. இருளில் ஒளிரும் முகப்புக் காட்டிகளில் இரேடியம் பூசியிருந்தனர். இன்று அவை ஒளிர்வதில்லை. ஒளிரும் கூட்டுப்பொருள்தான் பட்டுப்போயிற்று, இரேடியம் அப்படியே இருக்கின்றது. அதன் ஆற்றல் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் செல்லும். ஒளியிழந்ததை நஞ்சிழந்ததாக எண்ணிச் சுரண்டுவார் கேட்டைத் தாமே தேடிக்கொள்வர். தடைக்கட்டைகளிலும் பொறியின் இடைத்தகடுகளிலும் கல்நார். அதன் தூசி நுரையீரலைத் தின்னும்.

இவை பழைய இடர்கள். புதியதொன்று 2021 செப்தம்பரில் வந்தது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயம் கலந்த கன்னெய்யே அன்றுமுதல் பிரித்தானியாவில் பொதுவாக விற்கும் பெட்ரோலாயிற்று. புதிய வண்டிக்குக் கேடில்லை. எண்பதாண்டுப் பழமையான வண்டியின் தொய்வக் குழாயை அது மெல்ல இளக்கும். இளகிய குழாய் கசியும். கசிவது சுடுபொறியின் மேல் விழுந்தால் எரியும். மரைகளோ இன்றைய அளவினவல்ல, விட்வொர்த்து முறையின. அதற்குரிய திறவுகோலைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் முதுமையால் நடுங்குகின்றன. இளைஞரைப் பழக்காவிட்டால் வண்டி இருக்கும். அதனை எழுப்பும் அறிவு இராது.

இத்தனை பாடுபடுகின்றவரைக் குறைகூற மனம் வருமா என்பீர். பாடுபடுகின்றவரை அன்று, பாட்டின் முடிவில் பொய்யைப் பூசுகின்றவரையே குறைகூறுகின்றோம். மாதக்கணக்கில் முயன்று வண்டியைச் செப்பனிட்டபின், அதற்கு அடையாளம் எழுதும் நாள் வருகின்றது. மெய்யான வரலாறு கிடைக்கவில்லை. அல்லது கிடைத்தது சுவையாக இல்லை. வடவிங்கிலாந்தில் ஏதோ ஒரு கிடங்கில் உருளைக்கிழங்கு சுமந்த வண்டி என்று தெரிகின்றது. யாருக்கு வேண்டும் உருளைக்கிழங்கு? நார்மண்டிக் கரையில் 6.6.1944 அன்று இறங்கிய புகழ்பெற்ற படைப்பிரிவின் குறியை எழுதுகின்றான். மேலே பெரிய வெள்ளை விண்மீன். உடையும் தலைச்சீராவும் தானே அணிந்து ஏறி அமர்கின்றான். ஊர்வலத்தில் மக்கள் கைதட்டுகின்றனர்.

இப்பொய் ஒருவரோடு நிற்பதில்லை. இவ்வண்டியின் நிழற்படம் நூலில் ஏறும். நூலைப் பார்த்து அடுத்தவன் தன் வண்டிக்கு அதே குறியைப் பூசுவான். விற்கும்போது ‘நார்மண்டி கண்ட வண்டி’ என்று விலை ஏறும். முப்பதாண்டில் நார்மண்டியில் இறங்கிய வண்டிகளின் தொகை அன்று இறங்கியவற்றினும் மிகுந்துவிடும் போலும்! இன்னொரு கேடும் உண்டு. எல்லா வண்டியும் நார்மண்டிக்கே போய்விட்டால், பருமாவுக்கு எது போவது? பிரித்தானியப் பதினான்காம் படை பருமாவில் நடத்திய போரில் பெரும்பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்துப் படைஞர். சென்னைச் சுரங்கப்படையினரும் அவருள் இருந்தனர். அவர்கள் பாலம் கட்டிய வண்டிகளின் குறியை எழுதிக்கொண்டு ஊர்வலம் வரும் ஆர்வலர் மிகச் சிலரே. எவர் குறி எழுதப்பெறுகின்றதோ அவர் போரே நினைக்கப்பெறுகின்றது.

இதற்கு மறுப்பு ஒன்று சொல்லப்படுவதுண்டு. ‘ஏதேனும் ஓர் அடையாளம் இல்லாமல் வெறும் பச்சையாக நிறுத்தினால் காண்பார்க்கு என்ன விளங்கும்? அக்கால ஊர்தி எப்படி இருந்தது என்று காட்டவே குறி எழுதுகின்றோம்’ என்பர். இம்மறுப்பில் சிறிது உண்மை உண்டு. போவிங்டன் காட்சியகத்தாரும் தம் மார்க்கு-1 எது என்று தெரியாததை மறைத்தவரல்லர். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஆளுயரத்தில் நிற்பது பெயர். ஐயமோ சிற்றெழுத்தில் ஒளிந்து நிற்பது. காண வருவார் எதைக் கொண்டு செல்வர்? 1919 முதல் 1970 வரை அவ்வூர்தி ஆட்பீல்டு பூங்காவில் மழையிலும் வெயிலிலும் நின்றது. அந்த ஐம்பத்தோராண்டும் அதன் மெய்யான வரலாறே. அதனை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அக்கால உருவைக் காட்டத்தான் வேண்டும் என்றால், அதற்கு முறையான வழி ஒன்றையும் போவிங்டனிலேயே காணலாம். 2011-இல் வெளிவந்த ‘வார் ஆர்சு’ என்னும் திரைப்படத்திற்காக மார்க்கு-4 ஊர்தியின் ஒப்புரு ஒன்றைச் செய்தனர். அது பின்னர்க் காட்சியகத்திற்கு வந்தது. ஓடிக்காட்ட வேண்டிய நாளில் அவ்வொப்புரு ஓடுகின்றது. நூறாண்டு கடந்த மெய்யூர்தி உள்ளே ஓய்ந்து நிற்கின்றது. ஒப்புரு என்று சொல்லிக்கொள்ளும் ஒப்புருவிற் பொய்யில்லை. அதற்கு எந்தப் பெயரையும் எழுதலாம். எத்தனை முறையும் பூசலாம். மெய்யூர்தியை ஒப்புருவைப் போல் நடத்துவதே பிழை.

ஓட்டலாமா, கூடாதா என்ற வழக்கில் யாம் நீண்டு செல்ல விரும்பவில்லை. நூற்றுக்கணக்கில் எஞ்சிய வண்டியை ஓட்டுக. ஓடினால்தான் ஓட்டும் அறிவும் வாழும். ஒன்றே எஞ்சியதை ஓட்டற்க. பொறியில் ஓர் உறுப்பு உடைந்தால் புதியது வார்க்க வேண்டும். இப்படியே வார்த்து வார்த்துப் பழையது போய்விடும்.

இனி, எம் நெஞ்சைத் தொட்ட மற்றோர் ஊர்தியைச் சொல்லுகின்றோம். அதன் பெயர் தெபோரா, எண் டி-51, வகை மார்க்கு-4. 20.11.1917 அன்று பிரஞ்சு நாட்டுக் காம்பிரே நகரருகே பிரித்தானியர் நானூற்றுக்கு மேற்பட்ட காப்பூர்திகளைக் கொண்டு தாக்கிய போரில் அது சென்றது. பிளெசுக்கியேர் என்ற சிற்றூரைக் கடந்தபோது, வேட்டுக்குழற் குண்டுகள் அதன் முன்புறத்தைக் கிழித்தெறிந்தன. உள்ளிருந்தோருள் ஐவர் மாண்டனர். தலைவராயிருந்த பிராங்கு ஈப்பு என்னும் இளம் அலுவலர் எஞ்சியவரோடு மீண்டார். பின்னர் அவ்வூர்தியைக் குழியில் தள்ளி மண்ணை மூடினர். ஊரார் அதை மறந்தனர். அன்று சிறுமியாயிருந்த ஒருத்தி மட்டும் மறக்கவில்லை. முதுமையில் அவர் சொன்னதைக் காதிற் போட்டுக்கொண்ட அப்பகுதி விடுதிக்காரர் ஒருவர், ஆண்டுக்கணக்கில் தேடி, 1998 நவம்பரில் அதனை அகழ்ந்தெடுத்தார்.

எடுத்தபின் அவர் செய்ததைவிடச் செய்யாததே பெரிது. கிழிந்த தகட்டை ஒட்டவில்லை, முன்புறத்தைப் புதிதாக வார்க்கவில்லை, வண்ணம் பூசவில்லை. அதன் பெயரையும் தாமே தேர்ந்து எழுதவில்லை; தேடிக் கண்டனர். அலுவலரின் குடும்பத்தார் பேணி வைத்திருந்த பழைய நிழற்படத்தில் சிதைந்த ஊர்தி ஒன்று இருந்தது. அப்படத்திலுள்ள சிதைவும் மண்ணிலிருந்து எழுந்த ஊர்தியின் சிதைவும் ஒன்றோடொன்று பொருந்தின. புண்ணே பெயரைச் சொல்லிற்று! அப்புண்ணை ஒட்டி மறைத்திருந்தால் அது தெபோரா என்று உலகம் அறிந்திருக்குமா? 2017-இல் நூறாம் ஆண்டின்போது, மாண்ட ஐவரும் துயிலும் கல்லறைத் தோட்டத்தின் அருகிலேயே அதற்கொரு காட்சியகம் எழுந்தது.

இப்பொருள் நம் மண்ணையும் தொடுகின்றது. இரண்டாம் போரில் இராயல் என்பீல்டு நிறுவனம் ‘பறக்கும் தெள்ளு’ என்ற சிற்றுந்துருளியைச் செய்தது. 125 கன நூற்றுக்கூற்றுப் பொறி. ஏறத்தாழ அறுபது கிலோ எடை. குழாய்க் கூண்டில் வைத்து வான்குடையில் இறக்குவர். அதன் அமைப்பு செருமானிய உந்துருளி ஒன்றைப் பார்த்து எடுத்தது. பகைவனின் வண்டியே பகைவன்மேல் இறங்கியது! அந்நிறுவனம் 1955-இல் சென்னையில் கிளைவிட்டது. இங்கிலாந்தில் வேர் பட்டுப்போயிற்று. கிளையோ திருவொற்றியூரில் மரமாயிற்று. 2018-இல் அத்தெள்ளின் நினைவாக ‘பெகாசசு’ என்ற உந்துருளி சென்னையில் செய்யப்பெற்றது, உலகுக்கெல்லாம் ஆயிரமே. வண்ணம் போர்க்காலத்தது; எண்ணும் படைமுறையில் எழுதியது. எனினும் தான் 2018-இல் பிறந்ததை அது மறைக்கவில்லை. ஆகலின் அதன்மேல் எமக்கு வழக்கில்லை.

அவ்வண்டி அயல்நாட்டில் மங்கற் பச்சையிலும் மண்ணிறத்திலும் விற்றது. இந்தியாவில் மண்ணிறத்தில் மட்டுமே விற்றது. என்னை? படைத்துறை ஊர்தியல்லாத எதற்கும் படைப்பச்சை பூசிப் பொதுச்சாலையில் ஓட்டுதல் 1989-இன் இந்திய ஊர்தி நெறிகளால் தடுக்கப்பட்டுள்ளது. பொதுக்காவலைக் கருதிய தடை அது, கரணியமற்றதன்று. ஆனால் நம் நாட்டில் ஒருவன் உலகப்போர்ச் சரக்குந்து ஒன்றைச் செப்பனிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அடியில் மெய்யான பச்சையைக் கண்டானாயின், சாலைக்கு வரும்போது அம்மெய்யை மறைத்தே வரவேண்டும். இங்கிலாந்தில் பொய்க்குறி பூசத் தடையில்லை. இங்கே மெய்வண்ணம் பூசத் தடை. ஐம்பதாண்டு கடந்த வண்டிகட்கேனும் ஒரு விலக்கு அளிக்கலாம்.

ஆவடியில் 1965-இல் வெளிவரத் தொடங்கிய விசயந்தா என்னும் காப்பூர்தியும் பிரித்தானிய விக்கர்சு நிறுவனத்தின் வரைவைக் கொண்டதே. இங்குள்ள தொழிலாளர் கையால் செய்யப்பெற்ற அவ்வூர்திகள் படைப்பணி நீங்கியபின் ஊர்ச் சந்திகளிலும் படைவாயில்களிலும் நினைவுப் பொருள்களாக நிற்கின்றன. ஆண்டுதோறும் விழா நாளுக்கு முன் அவற்றின் மேல் புதுப்பூச்சு ஏறும். பூசுவார் ஒன்று செய்க: தூரிகையை எடுக்குமுன், அதன் மேனியில் அடித்த எண்ணைத் தேடி ஒரு தாளில் குறித்துக்கொள்க. அவ்வெண்ணையும், ஆவடியில் அது பிறந்த ஆண்டையும், அது சென்ற இடத்தையும் அறிந்த மட்டில் ஒரு பலகையில் எழுதி அருகே நடுக. தெரியாததற்குத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுக. அவ்வூர்திக்கு மரையாணி முறுக்கிய முதியவர்கள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் இன்னும் வாழ்கின்றனர், கேட்டால் சொல்வர்.